நைட் ஷிஃப்டில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர்: எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

கேள்வி இது: பகலில் சில வருடம் மெயின்டனன்ஸ் பார்த்த ஒருவரை நைட் ஷிஃப்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். கூட ஒரு எலக்ட்ரீஷியனும் ஒரு ஃபிட்டரும் மட்டும் இருப்பார்கள். ஸ்டோர் பூட்டியிருக்கும், மேலாளர் போனில்தான் கிடைப்பார். எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும், எங்கே தவறு நடக்கும்?

மெஷின் இரவிலும் அதே மெஷின்தான். ஆனால் அதைப் பற்றி முடிவெடுக்கும் ஆளும் சூழலும் வேறு. பகலில் ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்தில் நான்கு பேரைக் கேட்கலாம். இரவில் நீங்கள்தான் கடைசி ஆள். அதுவும் மூளை மந்தமாக இருக்கிற நேரத்தில். அதனால் இரவில் எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதியை ஷிஃப்ட் தொடங்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். மீதியை மீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்து எடுங்கள். "போன தடவையும் இதுதான் போயிருந்தது" என்ற நினைப்பில் விடிகாலை மூன்று மணிக்குக் கை வைப்பதுதான் ஆளுக்கும் ஆபத்து, மெஷினுக்கும் ஆபத்து.

ஷிஃப்ட் வாங்குவது

நைட் ஷிஃப்டின் முக்கியமான நேரம் முதல் 20 நிமிடம். ஈவினிங் ஷிஃப்ட் இன்ஜினியரிடம் ஆபீஸில் உட்கார்ந்து கேட்காதீர்கள். இரண்டு பேருமாகப் பிரச்சினை உள்ள மெஷின் முன்னால் போய் நின்று பேசுங்கள். லாக் புக்கில் எழுதாத விஷயம் அங்கேதான் வாயில் வரும்: "இந்த பேரிங் கொஞ்சம் சத்தம் போடுது, விடியும்வரை ஓடும்னு நினைக்கிறேன்."

ஐந்து விஷயங்களைக் கேட்காமல் அவரை அனுப்பாதீர்கள். பாதியில் நிற்கும் வேலை எது, அதில் யாருடைய பூட்டு தொங்குகிறது? முடிக்கப்படாத பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு) எது? எந்த சென்சார் அல்லது இன்டர்லாக் (ஆபத்தான நிலையில் மெஷினை ஓட விடாத ஏற்பாடு) பைபாஸ் ஆகியிருக்கிறது? எங்கே தற்காலிக ரிப்பேர் செய்திருக்கிறார்கள்? எந்த ஸ்பேர் தீர்ந்துவிட்டது?

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1988 ஜூலை 6-ஆம் தேதி இரவு வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். பகலில் ஒரு கண்டன்சேட் (எரிவாயுவிலிருந்து பிரியும் திரவம்) பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தில் வெறும் மூடித் தகடு ஒன்றைப் போட்டிருந்தார்கள். வேலை முடியவில்லை. அந்தத் தகவல் இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பம்ப் நின்றதும், வால்வு இல்லாத பம்பை ஸ்டார்ட் செய்தார்கள். பெர்மிட் என்ற காகிதம் இருந்தது. அது சொன்ன விஷயம்தான் ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டியவர்களிடம் வந்து சேரவில்லை. நீங்கள் பார்க்கும் லைன் அவ்வளவு பெரியதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் கன்வேயருக்குள் ஒருவர் கை இருக்கும்போது அதை ஓட்டுவதும் இதே வகைத் தவறுதான்.

பேசி முடித்ததும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். கம்ப்ரஸர் அறையில் பிரஷர், டெம்பரேச்சர், ஆட்டோ டிரெய்ன் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் டேங்க்குகளில் லெவலும் ஆயில் சூடும். 60 டிகிரிக்கு மேல் இருந்தால் கூலரில் என்னவோ சரியில்லை. டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பேனல்களில் ஃபேன் சுற்றுகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா. பத்து மணிக்குக் கண்ணில் படும் ஒரு சொட்டு ஆயில், மூன்று மணிக்கு வரும் ஒரு பிரேக்டவுனைத் தவிர்க்கும்.

பூட்டு, டெஸ்டர், தனிமை

இரவில் லாக்அவுட்டை (சப்ளையை நிறுத்திப் பூட்டுப் போடுவதை) சுருக்கிவிடும் ஆசை அதிகம் வரும். "யாரும் இல்லையே, யார் வந்து ஆன் பண்ணப் போறாங்க" என்று தோன்றும். ஆபரேட்டர் தூக்கக் கலக்கத்தில் ரீசெட் அழுத்துவது நடக்கக்கூடிய விஷயம். மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்து உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, மறக்காமல் ஆஃப் நிலைக்குத் திருப்புங்கள்.

கரன்ட் இல்லை என்று டெஸ்ட் செய்வதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் மீட்டரைத் தெரிந்த லைவ் பாயின்டில் வைத்து அது வேலை செய்கிறது என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு நீங்கள் கை வைக்கப் போகும் இடத்தில் மூன்று ஃபேஸ்களுக்கும் இடையிலும், ஒவ்வொரு ஃபேஸிலிருந்து எர்த்துக்கும் பாருங்கள். முடித்ததும் மறுபடி அதே லைவ் பாயின்டில் வையுங்கள். நடுவில் ப்ரோப் ஒயர் அறுந்திருந்தாலோ மீட்டர் ஃபியூஸ் போயிருந்தாலோ, செத்த மீட்டர் லைவ் லைனைப் பூஜ்யம் என்று காட்டும். கடைசிச் சோதனையைத் தவிர்க்கக்கூடாது என்பது இதனால்தான்.

டிரைவ் இருக்கும் பேனலில் ஐசொலேட்டர் ஆஃப் ஆனதும் வேலை முடிந்துவிடாது. 400 முதல் 415 வோல்ட் சப்ளையில் ஓடும் டிரைவின் டிசி பஸ்ஸில் சுமார் 560 முதல் 590 வோல்ட் நிற்கும். கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆக எத்தனை நிமிடம் என்று டிரைவின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். அந்த நேரம் காத்திருந்த பிறகும் பிளஸ், மைனஸ் டெர்மினல்களில் மீட்டரை டிசியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை. டிரைவில் விளக்கு அணைந்துவிட்டது என்பது ஆதாரம் ஆகாது.

கரன்ட்டைப் போலவே காற்றும் ஆயிலும் எடையும் சக்தியைச் சேமித்து வைத்திருக்கும். மெயின் ஏர் வால்வை மூடினால் மட்டும் போதாது, லைனில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். அப்போதும் சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவே காற்று மாட்டியிருக்கலாம். சிக்கிய பாகத்தை எடுத்த நொடியில் அது அடிக்கும். ஹைட்ராலிக்கில் அக்யுமுலேட்டரின் (ஆயிலைப் பிரஷரோடு சேமிக்கும் கலன்) பிரஷர் பூஜ்யத்துக்கு வந்ததா என்று கேஜில் பாருங்கள். செங்குத்தாக நிற்கும் எதையும் கட்டை அல்லது பின் கொடுத்துத் தாங்கிய பிறகே அடியில் கை விடுங்கள். ஹோஸில் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித் துளை வழியே வரும் ஆயில் தோலுக்குள் புகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலை எடுக்கும் அளவுக்குச் சேதம் ஆகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். யாருக்காவது அப்படி நடந்தால் வலி இல்லை என்றாலும் உடனே ஆஸ்பத்திரி. காலை வரை காத்திருக்கக் கூடாது.

தனியாகச் செய்யவே கூடாத வேலைகள் என்று ஒரு பட்டியல் முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும்: லைவ் பேனலில் வேலை, டேங்க் அல்லது குழிக்குள் இறங்குவது, உயரத்தில் ஏறுவது, கூரை. ஆள் போதவில்லை என்றால் அந்த வேலை காலைக்குப் போகட்டும். புரொடக்ஷன் சூப்பர்வைசரிடம் வாக்குவாதம் செய்ய வேண்டிய விஷயமாக இது இருக்கக் கூடாது. மேலாளர் பகலிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஒதுக்குப்புறமான பம்ப் அறைக்குப் போனால் 30 நிமிடத்துக்கு ஒரு முறை போனிலோ வாக்கி டாக்கியிலோ பேச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரல் வரவில்லை என்றால் நேரில் போய்ப் பாருங்கள்.

ஒரு அலாரத்தைப் பிடித்துப் போவது

இரவில் வரும் ஸ்டாப்பேஜ்களில் பெரும்பாலானவை சின்ன விஷயங்கள்தான். சென்சார், கேபிள், சோலனாய்டு (கரன்ட் வந்ததும் வால்வை இயக்கும் மின்சுருள்), காற்று. அவற்றில் நேரம் வீணாவது பார்க்கும் வரிசை தப்புவதால். ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம்.

அலாரம்: "ஸ்டேஷன் 4 சிலிண்டர் முன்னே வரவில்லை." பிஎல்சிக்கு (மெஷினை இயக்கும் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) தெரிந்தது ஒன்றே ஒன்று: அவுட்புட் கொடுத்தேன், சொன்ன நேரத்துக்குள் முன்முனை சென்சார் சிக்னல் வரவில்லை. ஆகவே முதல் வேலை, ரீசெட் அழுத்தாமல் போய்ப் பார்ப்பது. சிலிண்டர் உண்மையில் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? இந்த ஒரு பார்வையில் பாதித் தேடல் குறைந்துவிடும். ரீசெட் அழுத்தினால் அந்தத் தடயம் போய்விடும்.

சிலிண்டர் முன்னால்தான் நிற்கிறது என்றால் பிரச்சினை சென்சார் பக்கம். சிலிண்டர் மேல் உள்ள ரீட் சுவிட்ச்சில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் கிளாம்ப் தளர்ந்து நகர்ந்திருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் விளக்கு வரும். விளக்கு வரும் இடத்துக்கும் அணையும் இடத்துக்கும் நடுவில் வைத்து இறுக்குங்கள், ஓரத்தில் வைத்தால் அடுத்த மணி நேரத்தில் மறுபடி நிற்கும். விளக்கு எரிகிறது, ஆனால் பிஎல்சி இன்புட் விளக்கு எரியவில்லை என்றால் கேபிள். ஆடும் கேபிளில் ஒயர் உள்ளே அறுந்து, வெளியே உறை நன்றாக இருக்கும். டிராக் செயின் வளையும் இடத்தில் கையால் அசைத்துப் பார்த்தால் இன்புட் விளக்கு மினுக்கும்.

சிலிண்டர் நகரவே இல்லை என்றால் மறு பக்கம். பிஎல்சி அவுட்புட் விளக்கு எரிகிறதா, சோலனாய்டு பிளக்கில் உள்ள விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றாமல், லோடில் 24 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். கழற்றி அளந்தால் அழுகிய கனெக்ஷனிலும் 24 வோல்ட் காட்டும். சுருள் சேர்ந்ததும் 15-க்கு இறங்கும். வோல்டேஜ் சரி, ஆனால் "டிக்" சத்தம் இல்லை என்றால் சப்ளையை நிறுத்திச் சுருளை ஓமில் அளங்கள். 24 வோல்ட், 3 வாட் சுருள் சுமார் 190 ஓம் காட்ட வேண்டும். ஓப்பன் என்றால் சுருள் போய்விட்டது.

"டிக்" சத்தம் வருகிறது, சிலிண்டர் நகரவில்லை. இப்போது காற்றுப் பக்கம். ரெகுலேட்டர் கேஜ் 6 பார் காட்டினாலும் போதாது; சிலிண்டர் இயங்க முயலும்போது கேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 3-க்கு இறங்கினால் ஃபில்டர் அடைப்பு, அல்லது டியூப் எங்கோ மடங்கியிருக்கிறது. எக்ஸாஸ்ட் சைலன்ஸர் ஆயில் பசையில் அடைத்திருந்தால் சிலிண்டர் மெதுவாகி நின்றுவிடும். காற்றை வெளியேற்றிவிட்டு சைலன்ஸரைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். எக்ஸாஸ்டில் நிற்காமல் காற்று வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் சீல் அல்லது வால்வு ஸ்பூல் சீல் போயிருக்கிறது. வால்வின் மேல் உள்ள மேனுவல் பட்டனைக் கடைசியாகத்தான் பயன்படுத்த வேண்டும், அதுவும் கார்டை மூடி, எல்லோரையும் விலக்கிவிட்டு. அந்தப் பட்டனுக்கு இன்டர்லாக் தெரியாது.

மெட்டலைப் பார்க்கும் ப்ராக்ஸிமிட்டி சென்சார் விட்டு விட்டுத் தவறுகிறது என்றால் இடைவெளியை அளந்து பாருங்கள். சாதாரண எம்12 (12 மில்லிமீட்டர் மரை) ஃப்ளஷ் சென்சாரின் தூரம் 2 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், நம்பி வைக்கக்கூடியது 1.6 அளவில்தான். அந்த எண்ணும் சாதாரண இரும்புக்கு. டார்கெட் அலுமினியம் என்றால் பாதிக்கும் கீழே போய்விடும். பழுதான டார்கெட் துண்டுக்குப் பதில் யாரோ அலுமினியத்தில் செய்து மாட்டியிருந்தால், நீங்கள் இரவு முழுக்க சென்சார் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

மோட்டார் டிரிப் ஆனால்

ஓவர்லோடு ரிலே (கரன்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்துவது) விழுந்தால் ரீசெட் செய்து ஓட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். அந்த ஒரு தடவையிலும் கிளாம்ப் மீட்டரை மாட்டி மூன்று ஃபேஸிலும் கரன்ட் எடுங்கள். மூன்றும் சமமாக, நேம் பிளேட்டுக்கு மேலே இருந்தால் லோடு பக்கம் சிக்கல்: பேரிங், கியர்பாக்ஸ், சிக்கிய பொருள். ஒன்று பூஜ்யம், மற்ற இரண்டும் ஏறியிருந்தால் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. ஃபியூஸ், கான்டாக்டரின் எரிந்த பாயின்ட், டெர்மினலில் தளர்ந்த லக் என்று பார்த்து வாருங்கள். சமமாக இல்லாமல் இழுத்தால் முதலில் சப்ளை வோல்டேஜை மூன்று ஜோடியிலும் அளங்கள். வோல்டேஜில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு கரன்ட்டில் 6 முதல் 10 சதவீத ஏற்றத்தாழ்வாகத் தெரியும். மோட்டாரைக் குறை சொல்லுமுன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

மெகர் (இன்சுலேஷன் எதிர்ப்பை அளக்கும் மீட்டர்) போடுவதற்கு முன் மோட்டார் கேபிளை டிரைவிலிருந்து கழற்றுங்கள். 500 வோல்ட் மெகரை டிரைவுக்குள் விட்டால் நல்ல டிரைவும் போகும். 1000 வோல்ட்டுக்குக் கீழுள்ள சாதாரண மோட்டாருக்கு 5 மெகா ஓம் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓடி நின்ற சூட்டில் எடுத்த அளவும் குளிர்ந்த பின் எடுத்ததும் ஒன்றாக இருக்காது. 10 டிகிரி ஏறினால் இன்சுலேஷன் எதிர்ப்பு ஏறக்குறைய பாதியாகும். வைண்டிங் சூட்டையும் கூடவே எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்த எண் காலை ஷிஃப்டுக்குப் பயன்படாது.

பேரிங் மாற்றும் வேலை வந்தால் அவசரத்தில் சுத்தியல் எடுப்பதுதான் இரவின் பெரிய கேடு. ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏறும் பேரிங்கை உள் வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். வெளி வளையத்தில் தட்டினால் அடி குண்டுகள் வழியே போய்ப் பாதையில் தழும்பு விழும். அந்த பேரிங் சில வாரத்திலேயே சத்தம் போடும். இன்டக்ஷன் ஹீட்டரில் 110 டிகிரி வரை சூடாக்கினால் கையால் ஏறும். 125-ஐத் தாண்ட விடாதீர்கள். வி-பெல்ட் செட்டில் ஒன்று அறுந்தாலும் செட்டாகவே மாற்றுங்கள், புதுசும் பழசும் கலந்தால் புதுசு மட்டும் லோடை இழுக்கும். புல்லிகளுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி என்றால் நடுவில் அழுத்தும்போது சுமார் 16 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். எவ்வளவு விசையில் அழுத்துவது என்பது பெல்ட் அளவைப் பொறுத்தது. ஒரு நாள் ஓடியதும் புது பெல்ட் கொஞ்சம் தளரும், மறுபடி டென்ஷன் பார்க்கச் சொல்லி லாக் புக்கில் எழுதிவிடுங்கள்.

இரவுக்கே உரிய சில கோளாறுகள் உண்டு. சுற்று வட்டாரத்தில் லோடு குறைவதால் சப்ளை வோல்டேஜ் ஏறும். அப்போது பிரேக் போட்டு நிற்கும் டிரைவ்களில் ஓவர்வோல்டேஜ் டிரிப் வரும், பகலில் வராது. பாதி லைன் நின்றிருக்கும்போது கெப்பாசிட்டர் பேங்க்கை மேனுவலில் விட்டிருந்தால் வோல்டேஜ் இன்னும் ஏறும். அதை ஆட்டோவில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குளிர்ந்த நேரத்தில் வெளியே உள்ள பேனல்களுக்குள் ஈரம் படியும். பேனல் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பகலில் யாரும் பார்ப்பதில்லை. மணிக்கணக்கில் நின்ற ஹைட்ராலிக் பவர் பேக்கைக் குளிரில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் கெட்டியாக இருக்கும், பம்ப் உறிஞ்ச முடியாமல் கரகரக்கும். லோடு கொடுக்காமல் சற்று நேரம் ஓட விடுங்கள்.

தற்காலிகம் எதுவரை

இரவில் கேட்கப்படும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "காலை வரைக்கும் ஓட்ட முடியுமா?" ஓட்டலாம், மூன்று நிபந்தனைகளோடு. அது ஆளுக்கு ஆபத்து தரக்கூடாது. கெட்டுப்போனால் பெரிதாகக் கெடாத ஒன்றாக இருக்க வேண்டும். என்ன செய்தோம் என்று மெஷின் மேலேயே தெரிய வேண்டும். லைட் கர்ட்டன், கார்டு சுவிட்ச், எமர்ஜென்சி ஸ்டாப், பாதுகாப்பு வால்வு, சேஃப்டி ரிலே ஆகியவற்றை ஷார்ட் செய்து ஓட்டுவது முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுப் போகிறது. எத்தனை லோடு லாரி காத்திருந்தாலும் பதில் மாறக் கூடாது. அதேபோல் ஓவர்லோடு ரிலேயின் செட்டிங்கை ஏற்றுவது, ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸ் போடுவது, இவை தற்காலிக ரிப்பேரே அல்ல. கோளாறைக் கேபிளுக்கும் மோட்டாருக்கும் தள்ளிவிடுகிற வேலை.

ஒரு கவுன்டிங் சென்சாரை பைபாஸ் செய்து, ஆபரேட்டரை எண்ணச் சொல்வது பரவாயில்லை. அப்போது சிவப்பு டேக் ஒன்றில் எது, எப்போது, ஏன், யார், யார் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கட்டுங்கள். பிஎல்சியில் ஃபோர்ஸ் (ஒரு சிக்னலைக் கட்டாயமாக ஆன் அல்லது ஆஃபில் நிறுத்துவது) போட்டால் எத்தனை ஃபோர்ஸ் இருக்கிறது என்பது லாக் புக்கில் வர வேண்டும். பேனலைத் திறக்கும் அடுத்த ஆளுக்கு ஃபோர்ஸ் கண்ணில் படாது. புரோகிராமில் வேறெதையும் மாற்றும் முன் பேக்கப் எடுங்கள். இரவில் லாஜிக்கை மாற்றவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து.

மேலாளரை எப்போது எழுப்புவது என்பதில் பலரும் தயங்குகிறார்கள். ஷிஃப்ட் தொடங்கும் முன்பே ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: 30 நிமிடத்தில் காரணம் தெரியவில்லை என்றால் போன், யாருக்காவது காயம் என்றால் உடனே. போன் செய்யும்போது "மெஷின் நிக்குது சார்" என்று ஆரம்பித்தால், தூக்கத்தில் இருப்பவர் பத்துக் கேள்வி கேட்பார். மெஷின் எண், அலாரம் எண், நிற்பதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது, என்ன அளந்தீர்கள், என்ன எண் வந்தது, எதை மாற்றிப் பார்த்தீர்கள். இந்த ஆறையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு போன் எடுங்கள். எழுதும்போதே பாதி நேரம் விடை கிடைத்துவிடும்.

ஸ்டோர் பூட்டியிருக்கும் என்பதால் இரவுக்கென்று ஒரு அலமாரி வேண்டும். எம்12, எம்18 சென்சார்கள், அவற்றின் கேபிள்கள், 24 வோல்ட் பவர் சப்ளை ஒன்று, சோலனாய்டு சுருள்கள், 6, 8, 10 மில்லிமீட்டர் டியூபும் ஃபிட்டிங்குகளும், பேனலில் உள்ள ஒவ்வொரு அளவு ஃபியூஸும், ரிலேயும் அதன் பேஸும், ஓ-ரிங் பெட்டி, லைனில் அதிகம் உள்ள பேரிங் எண்கள், பெல்ட்கள். கூடவே டிரைவ் பாராமீட்டர்கள், பிஎல்சி புரோகிராம் பேக்கப், எலக்ட்ரிக்கல் டிராயிங் ஆகியவற்றின் பிரதி. ஸ்பேர் டிரைவ் கையில் இருந்தும் பாராமீட்டர் இல்லாததால் லைன் நிற்பது கொடுமை. எடுத்ததை எழுதாவிட்டால் ஒரு மாதத்தில் அலமாரி காலி.

லாக் புக்கில் எழுதுவது

"ஸ்டேஷன் 4 சென்சார் பிரச்சினை, சரி செய்யப்பட்டது." இந்த வரியால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. இப்படி எழுதுங்கள்: "02:40, ஸ்டேஷன் 4, முன்முனை ரீட் சுவிட்ச் சிக்னல் வரவில்லை. சிலிண்டர் முன்னால்தான் நின்றது. சுவிட்ச் விளக்கு எரிந்தது, பிஎல்சி இன்புட் வரவில்லை. டிராக் செயின் வளைவில் கேபிள் உள்ளே அறுந்திருக்கிறது. புதுக் கேபிள் தற்காலிகமாகச் செயினுக்கு வெளியே கட்டப்பட்டுள்ளது, சிவப்பு டேக் உள்ளது. 03:15 ஓட்டம். பகல் ஷிஃப்ட்: லைன் நிற்கும்போது செயினுக்குள் மாற்றவும். அலமாரியிலிருந்து 5 மீட்டர் கேபிள் ஒன்று எடுக்கப்பட்டது." இரண்டு நிமிட வேலை. அதே கேபிள் மறுபடி அறுந்தால், வளைவின் ஆரம் போதவில்லை என்று யாராவது கண்டுபிடிக்க இந்த வரிகள்தான் உதவும்.

பிரேக்டவுன் இல்லாத இரவையும் வீணாக்காதீர்கள். எல்லா லைனும் நின்று, சத்தம் அடங்கிய நேரம் காற்றுக் கசிவைத் தேட மிகப் பொருத்தமானது. காற்றைப் பயன்படுத்தும் எதுவும் ஓடாதபோது, லோடு-அன்லோடு முறையில் ஓடும் கம்ப்ரஸர் எவ்வளவு நேரம் லோடில் இருக்கிறது, எவ்வளவு நேரம் அன்லோடில் இருக்கிறது என்று சில சுழற்சிகளுக்குக் குறியுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கம்ப்ரஸர் திறனில் கசிவுக்குப் போகும் பங்கு கிடைக்கும். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு என்றால் 25 சதவீதம் கசிவு. இந்த ஒரு எண்ணைக் காலையில் மேஜையில் வைத்தால் ஃபிட்டிங் வாங்க அனுமதி தானாக வரும்.

உடம்பு

உடலின் வெப்பநிலையும் விழிப்பும் விடிகாலை 3 முதல் 5 மணி அளவில் மிகத் தாழ்ந்து போகும். மன உறுதியால் இதை மாற்ற முடியாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. காலை 7 மணிக்கு எழுந்து, பகலில் தூங்காமல் நைட்டுக்கு வந்தால் நடு இரவிலேயே அந்த நிலை வந்துவிடும். எனவே முதல் நைட்டுக்கு முன் மாலையில் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டு வாருங்கள். திட்டமிட்ட கடினமான வேலைகளை 2 மணிக்குள் முடியுங்கள். அதற்குப் பிறகு வருகிற ஐசொலேஷன், கனெக்ஷன் ஆகிய எதையும் இரண்டாவது ஆள் வந்து சரிபார்க்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

நிர்வாகம் அனுமதித்தால் 20 நிமிடத் தூக்கம் நல்லது. எழுந்ததும் கால் மணி நேரமாவது மந்தம் இருக்கும்; அந்த நேரத்தில் பேனலைத் திறக்க வேண்டாம். காபியின் காஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும் என்பதால், ஷிஃப்டின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் போய்ப் படுத்தும் புரண்டுகொண்டிருப்பீர்கள். நள்ளிரவில் வயிறு நிறையச் சாப்பிட்டால் மூன்று மணிச் சோர்வு இன்னும் கூடும்.

வீடு திரும்பும் பயணம் ஷிஃப்டின் ஆபத்தான பகுதி. கண் செருகினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டு வைப்பதும் உதவாது. வண்டியை ஓரம் கட்டித் தூங்குங்கள், முடிந்தால் யாராவது ஓட்டட்டும். அறையை முழு இருட்டாக்கி, போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். ஷிஃப்ட் சுழற்சி அமைப்பதில் உங்களுக்குச் சொல் இருந்தால் காலை, மாலை, இரவு என்ற முன்னோக்கிய வரிசையைக் கேளுங்கள். பின்னோக்கிச் சுழல்வது உடம்புக்குக் கடினம். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே 11 மணி நேரம் இடைவெளி வேண்டும். நைட் முடிந்து பகலுக்கு மாறும் நாளில் காலையில் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து, இரவில் வழக்கமான நேரத்துக்குப் படுத்தால் சீக்கிரம் திரும்பலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு வேலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் 2ஏ பிரிவில் 2007-ல் சேர்த்தது, 2019-லும் அதை உறுதி செய்தது. இதைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் வருடம் ஒரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள், வலிப்பு உள்ளவர்கள், நேரம் தவறாமல் மாத்திரை எடுக்க வேண்டியவர்கள் நைட்டுக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே மருத்துவரிடம் பேசி, மருந்து நேரங்களை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கூட இருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் ஃபிட்டருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.